கல்லும் அது கிடந்த இடமும்

கல் பொறுக்காமல் வளர்ந்த பிள்ளை அரிது. ஆற்றங்கரையில் கூழாங்கல், வீடு கட்டும் இடத்தில் ஜல்லி, கோயில் மதிலோரம் மினுங்கும் துண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வரும் வயது ஒன்று உண்டு. பூமியைப் பற்றிய அறிவியல் ஒரு பிள்ளையின் மனத்துக்குள் நுழையும் வாசல் இந்த ஆசைதான். கணக்குக்கோ இலக்கணத்துக்கோ இப்படித் தானாகத் திறந்திருக்கும் வாசல் கிடையாது. ஆகவே அந்த வாசலில் நாம் என்ன வைக்கிறோம் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் வைக்கப்படுவது ஒரு மாதிரிப் பெட்டி. அட்டையாலோ பிளாஸ்டிக்காலோ செய்தது. உள்ளே பன்னிரண்டு அல்லது இருபது குழிகள். குழிக்கொரு கல், கட்டைவிரல் அளவில். கல்லின்மேல் வெள்ளைப் பொட்டு, பொட்டில் ஓர் எண், மூடியின் உட்புறத்தில் எண்ணுக்கு நேராகப் பெயர். பள்ளி ஆய்வக அலமாரியிலும் பொம்மைக் கடையிலும் இதே அமைப்புதான். சிறுவர்களுக்கான புத்தகங்களும் இதைத்தான் அச்சில் செய்கின்றன. பாறைகள், கனிமங்கள், புதைபடிவங்கள் என்று மூன்றையும் ஒரே அட்டைக்குள் சேர்த்து, பக்கத்துக்கு நான்கு வண்ணப் படம், படத்துக்குக் கீழே பெயர், இரண்டு வரி விளக்கம். பிள்ளை செய்ய வேண்டியது மூன்றே வேலை: எடு, பெயர் சொல், அடுக்கு.

இந்த முறையை முழுக்க ஒதுக்கவும் முடியாது, முழுக்க ஏற்கவும் முடியாது. சிக்கல் எங்கே என்றால், தன்மையில் வெவ்வேறான மூன்று பொருள்களுக்கு ஒரே முறையைப் பொருத்தியதில். கனிமத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பாறைக்குப் பாதிதான் பொருந்துகிறது. புதைபடிவத்தைப் பொறுத்தவரை பல நேரம் கெடுதலே செய்கிறது.

கனிமத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கனிமம் எங்கே கிடைத்தாலும் அதன் வேதிச் சேர்க்கையும் உள் அடுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். குவார்ட்சு என்றால் நாமக்கல்லில் எடுத்தாலும் பிரேசிலில் எடுத்தாலும் சிலிக்கனும் ஆக்சிஜனும்தான். அதனால் அதை இடத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாலும் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லிவிடும். கேட்கும் முறை மட்டும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நகத்தால் கீறு, செம்புக் காசால் கீறு, கண்ணாடித் துண்டில் கீறிப் பார். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படிக் கடினத்தன்மை அளவுகோல் இந்தக் கீறலைத் தவிர வேறொன்றுமில்லை. நகத்தின் கடினம் இரண்டரை. அதற்குக் கீழே டால்க்கும் ஜிப்சமும், அதற்கு மேலே கால்சைட்டும். ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. குவார்ட்சு ஏழு, ஆகவே கண்ணாடியைக் கீறும். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் ஒரு பத்து வயதுப் பிள்ளை எந்தக் கருவியும் இல்லாமல் செய்து பார்த்து, தன் கையாலேயே உறுதிசெய்துகொள்ளக்கூடிய அறிவியல் சோதனை இது. இத்தனை எளிமையும் இத்தனை நேர்மையும் சேர்ந்த சோதனைகள் மிகக் குறைவு.

நிறம் ஏமாற்றும் என்பதைக் கற்பிக்கவும் கனிமத்தைப் போல உதவும் பொருள் வேறில்லை. ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம் சில நேரம் கறுப்பாக, சில நேரம் வெள்ளி போல மின்னும். மெருகேற்றாத டைல்ஸ் ஒன்றின் பின்புறத்தில் தேய்த்தால் விழும் பொடி எப்போதும் செம்பழுப்புதான். அதே போலக் கறுத்திருக்கும் மேக்னடைட்டைத் தேய்த்தால் கறுப்புப் பொடி, காந்தமும் ஒட்டிக்கொள்ளும். பார்த்தவுடன் முடிவுகட்டாதே, சோதித்துப் பார் என்று வகுப்பில் பத்து முறை சொல்வதைவிட, இந்த இரண்டு கோடுகளைப் பிள்ளையே இழுத்துப் பார்ப்பது மேல்.

இதற்கெல்லாம் பெட்டி வாங்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். வெங்கச்சாங்கல் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கும் வெள்ளைக் கல் குவார்ட்சுதான். இரண்டை இருட்டில் ஒன்றோடொன்று உரசினால் உள்ளே வெளிச்சம் ஓடும், கருகிய வாசனை வரும். காக்காப்பொன் என்று ஏடு ஏடாக உரித்து விளையாடும் கல் மைக்கா. கனிமங்கள் சில குறிப்பிட்ட தளங்களில் மட்டுமே பிளக்கும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. சேலத்துக் கல்சட்டி மாக்கல்லில் குடைந்தது. அதில் டால்க் மிகுந்திருப்பதால்தான் கடைசலுக்கு இணங்குகிறது, தொட்டால் வழவழக்கிறது. சமையலறை மேடை கடப்பைக்கல்லாக இருந்தால், யாரும் பார்க்காத மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுச் சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பார்க்கலாம். மெருகு மங்கியிருக்கும், ஏனென்றால் அது சுண்ணாம்புக்கல் இனம். கிரானைட் மேடையை எலுமிச்சை ஒன்றும் செய்யாது. கடற்கரை மணலில் கறுப்பாகப் படிந்திருக்கும் கோடுகளின்மேல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய காந்தத்தை இழுத்தால் இரும்புக் கனிமத் துகள்கள் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். எஞ்சிய மணலைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் இளஞ்சிவப்பில் கார்னெட் மணிகளும் பல இடங்களில் தெரியும்.

ஆக, கனிமத்தைப் பொறுத்தவரை எடு, சோதி, பெயர் சொல் என்ற முறைக்கு என் முழு ஆதரவு உண்டு. ஒரே ஒரு திருத்தம் வேண்டும். பெயர் கடைசியில் வர வேண்டும். பெட்டியின் மூடியில் பெயரை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் சோதிப்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. பெயரில்லாத பதினைந்து கற்களைக் குவித்து, உனக்குத் தோன்றியபடி பிரி என்று விட்டுவிட்டால் பிள்ளைகள் முதலில் நிறத்தால் பிரிப்பார்கள், பிறகு கனத்தால், பிறகு பளபளப்பால். ஒவ்வொரு பிரிவும் எங்கோ ஓரிடத்தில் தடுக்கும். தடுக்கும் அந்த இடத்தில்தான் கீறிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சந்தையில் வரும் சில பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்ணைப் பறிக்கும் நீலத்திலும் ரோஜா நிறத்திலும் விற்கும் அகேட் வில்லைகளில் பெரும்பாலானவை சாயம் ஏற்றியவை. சாயம் ஏற்றுவது பழைய தொழில்தான், குற்றமில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் பிள்ளையின் கையில் கொடுப்பது, முதல் பாடத்திலேயே பொய்யைக் கொடுப்பதாகும். இன்னொன்று தோண்டும் பெட்டி. ஜிப்சக் கட்டிக்குள் பளபளக்கும் கற்களையும் சுறாப் பல்லையும் புதைத்து, சிறு உளியும் தூரிகையும் கொடுத்துத் தோண்டச் சொல்வது. பொறுமையும் கைநுட்பமும் அதில் வளர்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல் ஒருநாளும் அந்தக் கட்டிக்குள் உருவானதில்லை. சுற்றியுள்ள மண்ணுக்கும் உள்ளே கிடப்பதற்கும் உறவே இல்லை, மண் என்பது புதையலை மறைக்கும் குப்பை, அதைக் கொத்தித் தூர எறிய வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைக்கு விழுகிறது. புவியியலில் இதைவிடத் தவறான எண்ணம் இருக்க முடியாது. பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. கலீனா போன்ற ஈயக் கனிமங்கள் சில பெட்டிகளில் இருக்கின்றன, தொட்டபின் கை கழுவ வேண்டும். கல் உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, தூசியிலிருந்து மூக்குக்குக் காப்பு, இவை இல்லாமல் எந்தப் பிள்ளையின் கையிலும் சுத்தியல் கூடாது.

பாறைக்கு வரும்போது பெட்டி தடுமாறத் தொடங்குகிறது. பாறை என்பது கனிமங்களின் கூட்டம். அந்தக் கூட்டம் எப்படி அமைந்தது, எந்த வரிசையில் வந்தது, பக்கத்தில் இருப்பதோடு அதற்கு என்ன உறவு என்பதுதான் பாறையின் கதை. நம் பாடநூல்கள் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்றாக வகுத்து, வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டுச் சொல்லி முடித்துவிடுகின்றன. முதல் படிக்கட்டாக அந்த வகுப்பு நல்லதுதான். குழம்பாக உருகி உறைந்தது, படிந்து இறுகியது, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது என்ற மூன்று நிகழ்வுகளைப் புரிந்துகொண்டால் பூமி இயங்கிக்கொண்டே இருக்கிறது என்ற பெரிய உண்மை பிடிபடும். ஆனால் வகுப்பறையில் மூன்று நிகழ்வுகள் மூன்று அறைகளாகிவிடுகின்றன. கல்லைக் காட்டினால் எந்த அறை என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் மதிப்பெண்.

சென்னையில் படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் ஆன கல்லை எந்த அறையில் போடுவது? அந்தக் கல்லுக்கு அறிவியலில் உலகப் புகழ் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-இல், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைமேல் பதித்திருந்த கல்லை ஆராய்ந்தார். அது வங்கத்துக் கல் அல்ல, சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டார். கல்லறைக்கு உரியவரின் பெயரால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். நீலச் சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு இருக்கும் கல் அது. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில் உருவானது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமை கொண்டது.

ஊரைவிட்டு வெகுதூரம் போன ஒரு பலகைக்கல்லிலிருந்து அதன் பிறப்பிடத்தை ஹாலண்ட் கண்டுபிடித்தது, மாதிரிக் கல்லுக்குச் சாதகமான சான்று. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தனிக்கல்லும் பேசும். ஆனால் அவர் அந்தக் குன்றுகளை அறிந்திருந்ததால்தான் கல்லறையில் இருந்ததை அடையாளம் கண்டார். அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். ஹாலண்ட் அதைத் தீப்பாறை என்றே கருதினார். பின்வந்தவர்கள் பலர் உருமாறிய பாறை என்றார்கள். வாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1960-இல் கர்நாடகத்தின் கப்பல்துர்கா கல்குவாரியில் புவியியலாளர் பிச்சமுத்து ஒரு காட்சியைப் பதிவுசெய்தார். குவாரியின் சுவரில், வரிவரியான நைஸ் பாறைக்குள், வரிகளைக் கலைத்துக்கொண்டு கறுத்த திட்டுகளாகச் சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நின்றது. ஒரு பாறை இன்னொன்றாக மாறும் தருணத்தைச் சுவரில் விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் அது. அங்கே போய் வெளிறிய பகுதியில் ஒரு துண்டும் கறுத்த பகுதியில் ஒரு துண்டும் உடைத்துப் பெட்டியில் இரண்டு குழிகளில் வைத்தால் என்ன மிஞ்சும்? நைஸ், சார்னோக்கைட் என்ற இரண்டு பெயர்கள். வாதத்தைத் திசைதிருப்பிய உண்மை அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த எல்லையில் இருந்தது. அது பெட்டிக்குள் வராது.

ஆகவே பாறையைக் கற்பிக்கக் கட்டைவிரல் அளவு போதாது. நைஸின் வரிகள் சில நேரம் ஒரு முழ அகலம் இருக்கும். துண்டில் ஒரு வரிகூட முழுதாகத் தெரியாது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. குன்றைக் காணாத மாவட்டம் டெல்டாப் பகுதியை விட்டால் குறைவு. குன்று இல்லாத ஊரிலும் கோயில் இருக்கிறது. கருங்கல் தூணின் மழுங்கிய பரப்பில் படிகங்களின் வடிவத்தை ஒரு கைக்கண்ணாடியில் பார்த்துவிடலாம். கல்லைத் தட்டி அதன் ஒலியை வைத்து ஆண்கல், பெண்கல் என்று பிரிக்கும் சிற்பிகளின் அறிவும், எந்தத் திசையில் உளி வைத்தால் பாறை நேராகப் பிளக்கும் என்று அறிந்த கல்லுடைப்பவர்களின் அறிவும் நம்மிடம் இருக்கின்றன. ஒரு கல் தச்சரைப் பள்ளிக்கு அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்வதற்கு எந்தப் பெட்டியும் ஈடாகாது. அந்த அறிவு பாடநூலுக்குள் இன்னும் நுழையவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

புதைபடிவத்தில் நிலைமை முற்றிலும் வேறு. குவார்ட்சு இன்னும் மலைமலையாக இருக்கிறது. ஒரு பிள்ளை ஒரு துண்டு எடுத்தால் பூமிக்கு இழப்பில்லை. புதைபடிவம் ஒவ்வொன்றும் ஓர் உயிரின் எச்சம். அது எந்த அடுக்கில், எந்தப் பக்கம் சாய்ந்து, யாரோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. எடுத்த கணத்தில் அந்தப் பொருளில் பெரும்பகுதி போய்விடுகிறது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காத்து வருகிறது. வக்கராசுரனின் எலும்புகள் அவை என்று ஊரில் கதை உண்டு. வளையங்களும் நார்களும் மாறாமல் மரத்தின் இடத்தில் சிலிக்கா அமர்ந்திருக்கிறது. அங்கே ஒரு துண்டைக் கையில் எடுத்தால் தெரிவது, மரம் கல்லானது என்ற ஒரே செய்தி. எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தால்தான் இரண்டாவது செய்தி தெரியும்: மரங்கள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. அப்படியானால் அவை அங்கே வளரவில்லை. எங்கிருந்தோ வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் தேவையில்லை. வேர் எங்கே என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும், பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்துப்போனால் அந்தக் கேள்வியையே யாரும் கேட்க முடியாமல் போகும்.

இப்படியே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அறிவித்த கல்மரம், 18 மீட்டர் நீளம், கிரிட்டேசியஸ் காலத்தது. பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர் அவர். மரத்தைவிட வியப்பானது மரம் கிடக்கும் மண்தான். சுற்றியுள்ள அடுக்குகளில் இருப்பவை கடல் உயிர்கள். கரையில் விழுந்த மரம் ஆழமில்லாத கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்றைய பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடல் இருந்தது என்பதை அந்த ஒரு மரமும் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து சொல்கின்றன.

இடத்தைப் பார்க்கக் கற்காததால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மாவட்டத்தில் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020-இல் குன்னம் அருகே மண் எடுத்த இடத்தில் உருண்டையான பெரிய கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் படங்கள் பரவின. அறிஞர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டைகள் அல்ல, கடல் வண்டலில் உருவான உருண்டைகள் என்றார்கள். செத்துப்போன அம்மோனைட் என்ற கடலுயிர் போன்ற ஒரு பொருளைச் சுற்றிக் கனிமம் சேர்ந்து சேற்றைப் பந்தாக இறுக்கும்போது அப்படி ஆவது வழக்கம். படங்களைப் பகிர்ந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத்தான் பெட்டியும் புத்தகமும் கற்றுக்கொடுத்தன. முட்டை போல இருந்தது, முட்டை என்றார்கள். இந்த மண் கடலின் அடியா, நிலத்தின் மேலா என்று முதலில் கேட்கும் பழக்கம் பள்ளியிலேயே வந்திருந்தால் வதந்தி ஊரைத் தாண்டியிருக்காது.

இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் நடந்ததும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. 1956-இல் டினா நீகஸ் என்ற பள்ளி மாணவி அங்கே பாறைச் சுவரில் இறகு போன்ற ஒரு பதிவைப் பார்த்து ஆசிரியரிடம் சொன்னார். அது கேம்பிரியன் காலத்துக்கு முந்தைய பாறை, அதில் புதைபடிவமே இருக்காது என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற மாணவர் அதையே பார்த்தார். அவர் உடைக்கவில்லை. தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துத் தந்தையிடம் காட்டினார். அது லெஸ்டர் நகரத்துப் புவியியலாளர் டிரெவர் ஃபோர்டிடம் போயிற்று. 1958-இல் சார்னியா மேசோனி என்ற பெயரில் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. 55 கோடி ஆண்டுக்கும் முந்தைய அந்தப் பாறைகளில் பெரிய உயிர்கள் வாழ்ந்தன என்பதை ஏற்கவைத்தது அந்தக் கண்டுபிடிப்பு. இரண்டு பிள்ளைகளும் கண்டது ஒன்றுதான். ஒருவரைப் புத்தகப் பாடம் தடுத்தது. மற்றவரின் கையில் இருந்தவை தாளும் பென்சிலும்.

இத்தனையும் சொன்னபின், அப்படியானால் எதையும் தொடாதே என்று பலகை மாட்டிவிடலாமே என்று தோன்றும். அதையும் நான் ஏற்கவில்லை. விட்டுவைப்பது எப்போதும் காப்பாற்றுவது ஆகாது. அரியலூர்ப் பகுதியில் கல்லமேட்டில் கிடைத்த பேருருவ டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் பிருகத்காயசாரஸ் என்று பெயரிட்டார்கள். உலகிலேயே மிகப் பெரிய நில விலங்குகளுள் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று பேசப்படும் விலங்கு. அந்த எலும்புகள் மழையில் நைந்து உதிர்ந்துபோயின. எஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களும். அதன் அளவு குறித்த விவாதம் தீராமல் தொடர்வதற்கு அதுவே காரணம். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் சிறுமியாக இருந்தபோது, 1811-12 ஆண்டுகளில், அண்ணனோடு சேர்ந்து இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை வெளிக்கொண்டு வந்தார். அவர் எடுக்காமல் விட்டிருந்தால் சரியும் அந்தக் கரையிலிருந்து கடல் அதைத் தின்றிருக்கும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் சிப்பிகளும் கடல்முள்ளெலிகளும் நாள்தோறும் சிமென்ட் சூளைக்குப் போகின்றன. சுரங்கம் தோண்டியதால்தான் அவை நம் கண்ணுக்கே தெரிந்தன என்பதும் உண்மை. லாரியில் ஏறவிருக்கும் கழிவுக் குவியலிலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு சிப்பியை எடுப்பதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எனவே எல்லைக்கோடு வேண்டும். பாறையில் பதிந்திருப்பதைப் பெயர்த்தெடுக்கக்கூடாது. தாளில் படி எடுக்கலாம், வரையலாம், அளவுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் பிடிக்கலாம். மழை அரித்துத் தரையில் உதிர்த்ததையும், உரியவரிடம் அனுமதி பெற்றுச் சுரங்கக் கழிவில் கிடப்பதையும் எடுக்கலாம். ஆனால் எடுத்தது வீட்டு அலமாரிக்குப் போகாமல் பள்ளிக்குப் போக வேண்டும். அபூர்வமாகத் தோன்றினால் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டும். காக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் ஒரு துகளும் எடுக்கக்கூடாது. இந்த வேறுபாட்டைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கோயில் பூவைப் பறிக்கலாம், எதைப் பறிக்கக்கூடாது என்பது அதே பிள்ளைக்குத் தெரியும்.

எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒன்று வேண்டும். அதில் முதல் வரி இடமாக இருக்கட்டும்: ஊர், ஓடை அல்லது குவாரி, எத்தனை அடி ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண், பக்கத்தில் வேறென்ன கிடந்தது, தேதி, கண்டெடுத்தவர் பெயர். கல்லின் பெயருக்குக் கடைசி வரி போதும். அது வெறுமையாக இருந்தாலும் பாதகமில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு அங்கே தொடங்கியது. எங்கே கிடந்தது என்று பதிவுசெய்யத் தெரிந்த புவியியலாளரின் கையில் கிடைத்ததால்தான் அந்தக் கல்லுக்கு வரலாறு வந்தது. சந்தையில் வாங்கும் பெட்டிகளின் பெயர்ச்சீட்டுகளில் பெரும்பாலும் இல்லாதது அந்த ஒரு வரிதான். பெட்டி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே.

புவியியலை நம் பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியர்கள்தான் பெரும்பாலும் நடத்துகிறார்கள். ஆய்வகமும் இல்லை, களப் பயிற்சியும் இல்லை. வகைகள் யாவை என்ற கேள்விக்கு விடை எழுதவைப்பதே அவர்களால் ஆனது; பழியை அவர்கள்மேல் போடுவது நியாயமாகாது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புவியமைப்பியல் துறைகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருநாள் அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகளைக் குன்றுக்கு அழைத்துப்போனாலே நிலைமை மாறும்.

தலைமையாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். மாதிரிப் பெட்டி வாங்க ஒதுக்கும் பணத்தை அடுத்த முறை பேருந்து வாடகைக்குக் கொடுங்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு இரும்புத் தாதுக் கஞ்சமலை இருக்கிறது. ஒரு காந்தம் எடுத்துப்போனால் போதும். அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்குச் சாத்தனூர்க் கல்மரமும் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கின்றன. சென்னைப் பிள்ளைகள் பரங்கிமலைக்கு மின்சார ரயிலிலேயே போகலாம். விழுப்புரத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ காலையில் கிளம்பினால் திருவக்கரையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். போகும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும், சுத்தியல் வேண்டாம்.